துவைகல்லின் ஞாயிறு

அரியலூர், பெரம்பலூர் பக்கத்துக் கல்லூரி விடுதிகளில் ஞாயிறு என்றால் துவைகல்லின் நாள். கோடிக்கணக்கான ஆண்டுகளுக்கு முன் கடலாக இருந்த மண் இது. அந்தக் கடல் விட்டுச்சென்ற சுண்ணாம்புக்கல்தான் அரியலூர் சிமென்ட் ஆலைகளுக்குத் தீனி. அதே சுண்ணாம்பு நிலத்தடி நீரில் கரைந்தால் சோப்பு லேசில் நுரைக்காது. துணியில் திரைதிரையாகப் படியும். கைகண்ட மருந்து சலவைச் சோடா. வாளிக்கு ஒரு கரண்டி போட்டால் கால்சியம் பிரிந்து அடியில் தங்கும், சோப்பும் மிச்சம்.

முதலில் வெள்ளைச் சட்டை, அதே நுரையில் கலர்த் துணி, கடைசியில் கால்மிதி. அலசிய தண்ணீர் கழிப்பறைக்கு. ஒரு வாளி நீரை இத்தனை முறை வாழவைக்கும் சிக்கனத்தைப் பார்த்தால் மனம் நிறைகிறது. மொட்டைமாடிக் கயிற்றில் காய்ந்து மொறமொறக்கும் சட்டையின் வெயில் வாசம், காசு கேட்காத செல்வம்.