மோதிரம் கழற்றிய பெண்கள்

முசோலினி, ஹிட்லர், கமால் அத்தாதுர்க், அபிசீனியச் சக்கரவர்த்தி. வெ. சாமிநாத சர்மாவின் நூல் பட்டியலைப் பார்த்தால் இரண்டு உலகப் போர்களுக்கு இடைப்பட்ட காலமே வரிசையாக எழுந்து நிற்கிறது. 1932இல் ரங்கூனுக்குப் போய், 1942இல் குண்டுவீச்சுக்குப் பின் மனைவி மங்களத்துடன் கால்நடையாகவே திரும்பியவர் அவர். ஐரோப்பிய அரசியலைத் தமிழில் பேசமுடியும் என்று காட்டியதில் அவருக்கு நாம் பட்ட கடன் பெரிது. அவருடைய உழைப்பில் எனக்குக் குறை எதுவும் இல்லை. என் வழக்கு வாழ்க்கை வரலாறு என்கிற வடிவத்தோடு. ஒரு காலத்தை ஓர் ஆணின் பெயரால் அழைத்துவிட்டால் அவன் பிறந்தான், வளர்ந்தான், பேசினான், பிடித்தான் என்று கதை தானாகவே ஓடத் தொடங்கிவிடுகிறது. அவன் யாரைப் பிடித்தான், எங்கே பிடித்தான் என்ற கேள்விக்கு அந்தக் கதையில் இடம் குறைவு.

அந்த வடிவம் நம் பேச்சிலும் படிந்திருக்கிறது. கண்டிப்பான அப்பா ஹிட்லர். ஓவர்டைம் முடியாமல் வெளியே விடாத சூப்பர்வைசர் ஹிட்லர். சிவாஜி கணேசன் நடித்த ‘ஹிட்லர் உமாநாத்’ என்று 1982இல் ஒரு படமே வந்தது. வேலை வாங்கத் தெரிந்த பெண் என்றால் ‘லேடி ஹிட்லர்’. லட்சக்கணக்கானோரைக் கொன்ற ஒரு பெயர் வீட்டுச் சிரிப்பாகச் சுருங்கியது எப்படி? சொல் வீட்டுக்குள் வந்ததில் தவறில்லை. வீட்டின் கொடுங்கோன்மைக்கும் நாட்டின் கொடுங்கோன்மைக்கும் உறவு உண்டு என்று வர்ஜீனியா வுல்ஃப் 1938இல் ‘மூன்று கினிகள்’ நூலில் வாதிட்டார். அவர் அதைச் சிரிப்பதற்காகச் சொல்லவில்லை. நாம் உறவை விட்டுவிட்டுச் சிரிப்பை மட்டும் வைத்துக்கொண்டோம்.

1935 அக்டோபரில் இத்தாலி அபிசீனியாவுக்குள் படை நடத்தியது. சர்வதேச சங்கம் பொருளாதாரத் தடை விதித்தது. அதே ஆண்டு டிசம்பர் 18 அன்று இத்தாலியப் பெண்கள் தங்கள் திருமண மோதிரங்களை அரசுக்குக் கொடுத்தார்கள். ரோமில் ராணி எலேனா முதலில் கழற்றினார். கொடுத்தவர்களுக்குப் பதிலாக இரும்பு மோதிரம் தரப்பட்டது. தாலியைக் கழற்றிக் கொடுத்துவிட்டு இரும்புக் கம்பி ஒன்றைக் கட்டிக்கொண்டு வீடு திரும்புவதாக நினைத்துப் பாருங்கள். காந்தியின் கூட்டங்களிலும் நம் பெண்கள் வளையலும் சங்கிலியும் கழற்றிக் கொடுத்தார்கள். வடிவம் ஒன்றுதானே என்று மாணவிகள் கேட்பார்கள். நியாயமான கேள்வி. கழற்றாத பெண்ணுக்கு மறுநாள் என்ன ஆகும் என்பதை வைத்துத்தான் இரண்டையும் பிரித்துப் பார்க்க முடியும். காந்தி கூட்டத்தில் கையை மூடிக்கொண்டு வீட்டுக்குப் போகலாம். ரோமில், இரும்பு மோதிரம் இல்லாத விரல் எல்லோர் கண்ணிலும் படும்.

ஜெர்மனியில் இந்த வேலை இன்னும் கணக்காக நடந்தது. 1933 ஜூனில் திருமணக் கடன் சட்டம் வந்தது. வேலைக்குப் போகும் பெண் வேலையை விட்டுவிட்டுத் திருமணம் செய்தால் 1,000 மார்க் வரை கடன். வீட்டுச் சாமான் வாங்கும் கூப்பன்களாக. ஒரு குழந்தை பிறந்தால் கடனில் கால் பங்கு தள்ளுபடி. நான்கு பெற்றால் முழுவதும் தீர்ந்தது. அடுத்த மாதமே இன்னொரு சட்டம்: ‘தகுதியற்றவர்’ என்று அரசு முடிவு செய்தவர்களுக்குக் கட்டாயக் கருத்தடை. 1945க்குள் சுமார் நான்கு லட்சம் பேர் அதற்கு ஆளானார்கள். ஒருத்தி பெற்றே ஆகவேண்டும், இன்னொருத்தி பெறவே கூடாது. ஆயுதத் தொழிற்சாலைகளுக்கு ஆள் போதாமல் போனதும், 1937இல், வேலையை விடவேண்டும் என்ற நிபந்தனையை அரசே கைவிட்டது. தாய்மை புனிதம் என்று பேசியவர்களுக்கு அந்தப் புனிதம் நான்கு வருடம் தாங்கவில்லை.

இதைப் பாடமாகச் சொன்னபோது ஒரு மாணவி கேட்டாள்: “கடனை யாரு கையில குடுத்தாங்க மேடம்?” கணவன் கையில்.

இந்தக் கேள்வி சேவூர்ப் பக்கத்தில் எழுவது தற்செயல் அல்ல. அதிகாலையில் மில் வேன்கள் ஓடும் வட்டாரம் இது. கோவை, திருப்பூர் நூற்பாலைகளில் ‘சுமங்கலித் திட்டம்’ என்ற பெயரில், தென் மாவட்டங்களிலிருந்து வளரிளம் பெண்களைக் கூட்டிவந்து விடுதியில் தங்கவைத்து, மூன்று வருடம் வேலை வாங்கி, முடிவில் கல்யாணச் செலவுக்கென்று ஒரு மொத்தத் தொகை தருவார்கள். இடையில் உடம்புக்கு முடியாமல் போனவள் அந்தத் தொகையை இழந்த கதைகள் ஏராளம். இதைப் பாசிசம் என்று அழைப்பது சோம்பேறித்தனமான ஒப்பீடு. இங்கே வழக்குப் போடலாம், சங்கம் வைக்கலாம், போட்டும் வைத்தும் இருக்கிறார்கள். ஆனால் திருமணத்தைத் தூண்டிலாக்கிப் பெண்ணின் உழைப்பைத் திருப்பிவிடும் நுட்பம் இரண்டிலும் இருக்கிறது. அங்கே கல்யாணத்தைக் காட்டி மில்லுக்கு வெளியே அனுப்பினார்கள். இங்கே கல்யாணத்தைக் காட்டி உள்ளே அழைக்கிறார்கள்.

முசோலினி 1927இல் பிரம்மச்சாரிகளுக்கு வரி போட்டு, அதிகம் பெறச் சொல்லிக்கொண்டிருந்தார். சில வருடங்களில், நமக்கு அடுத்த ஈரோட்டிலிருந்து பெரியார் ‘குடி அரசு’ இதழில் கர்ப்பத்தடைக்காக எழுதினார். நாட்டுப் பொருளாதாரத்துக்காகவும் உடல்நலத்துக்காகவும் பலர் அதை ஆதரித்த காலத்தில், பெண்ணின் விடுதலைக்கு அது வேண்டும் என்பதே அவர் வாதம். ஜனத்தொகையைக் கூட்டவோ குறைக்கவோ அல்ல, அவள் வேண்டாம் என்று சொல்வதற்காக. சர்வாதிகாரங்களின் வரலாற்றைப் படிக்கும்போது இந்தப் பக்கத்தையும் சேர்த்துப் படிக்கவேண்டும் என்பேன்.

பெண்கள் எல்லோரும் பலியானவர்கள் மட்டும்தான் என்று சொல்லித் தப்பிக்க முடியாது. நாஜிப் பெண்கள் அமைப்பை நடத்திய கெர்ட்ரூட் ஷோல்ட்ஸ்-கிளிங்க் கைகட்டி நின்றவர் அல்ல. எதிர்ப்பக்கத்தில் கிளாரா ஜெட்கின் இருந்தார். 1932 ஆகஸ்ட் 30 அன்று, வயதில் மூத்த உறுப்பினர் என்ற முறையில் ஜெர்மன் நாடாளுமன்றத்தைத் தொடங்கிவைக்க வந்தபோது அவருக்கு 75 வயது. நடக்கவே முடியாத உடல்நிலை. நாஜிகள் 230 இடங்களுடன் எதிரே உட்கார்ந்திருக்க, பாசிசத்துக்கு எதிராக உழைப்பவர்கள் ஒன்றுசேர வேண்டும் என்று பேசினார். அன்றே கோரிங் சபைத் தலைவராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். ஜெட்கின் அடுத்த ஆண்டு ஜூனில் மாஸ்கோ அருகே இறந்தார். அவர் நம்பிய அந்த நாட்டிலும் கட்சியின் பெண்கள் துறை 1930லேயே மூடப்பட்டிருந்தது. 1936இல் கருக்கலைப்பு உரிமையும் பறிக்கப்பட்டது.