ஐம்பூதமும் யோகநெறியும்: திருமந்திரத்தை முன்வைத்து ஒரு திறனாய்வு

யோகமாவது இயற்கையோடு ஒன்றுதல் என்னுங் கூற்று இக்காலத்திற் பெருவழக்காயிற்று. யூன் 21ஆந் திகதியைச் சர்வதேச யோக தினமாக ஐக்கிய நாடுகள் பொதுச்சபை 2014ஆம் ஆண்டிற் பிரகடனஞ் செய்தது. மறு ஆண்டு முதல் அத்தினம் பல நாடுகளிலுங் கொண்டாடப்பட்டு வருகின்றது. அத்தகைய மேடைகளில் நிகழும் உரைகள் பலவும் ஒரு பொருளையே வற்புறுத்துகின்றன. மண்ணில் வெறுங்காலுடன் நில்லுங்கள், காற்றை உணருங்கள், நீரோசைக்குச் செவிகொடுங்கள், அவ்வாறு ஐம்பூதங்களோடு கலத்தலே சித்தர் கண்ட யோகம் என்பதே அப்பொருளாம். இவ்வுரைக்குச் சான்றாகப் பெரும்பாலும் எடுத்துக் காட்டப்படுபவர் திருமூலர். மண்ணிலே நிற்பதாலும் மென்காற்றை நுகர்வதாலும் உள்ளத்துக்கு வரும் அமைதியை யாரும் மறுப்பதற்கில்லை. எனினும், ஒரு நூலைச் சான்று காட்டுமிடத்து அந்நூல் அதனைச் சொல்லுகின்றதா என நோக்குதல் கற்றோர் கடனாகும். அந்நோக்கு ஒன்றே இக்கட்டுரைக்குரியது.

முதற்கண், பூதம் என்னுஞ் சொல்லாற் சைவ நூல்கள் கருதுவது யாதெனத் தெளிதல் வேண்டும். மனவாசகங் கடந்தார் அருளிய உண்மை விளக்கம், மாணாக்கன் வினாவ ஆசிரியர் விடை கூறும் முறையில் அமைந்த சிறு நூல். அதன் தொடக்கத்திலேயே ஐம்பூதங்களின் வடிவமும் நிறமும் தொழிலுங் கூறப்படுகின்றன. மண் நாற்கோணமும் பொன்னிறமும் உடையது. நீர் பிறைவடிவும் வெண்மையும் உடையது. தீ முக்கோணமாய்ச் சிவந்தது. காற்று அறுகோணமாய்க் கரியது. வான் வட்டமாய்ப் புகைநிறத்தது. வயலையோ ஆற்றையோ கண்ணாரக் கண்டு களித்த ஒருவர் வரையும் ஓவியமன்று இது. உள்ளத்தை ஒருவழி நிறுத்துதற்கு வகுக்கப்பட்ட குறியீடே இது. அன்றியும், முப்பத்தாறு தத்துவங்களின் வரிசையில் இவ்வைந்தும் அடிப்படியில் நிற்பவை. மாணாக்கன் அவற்றை ஒவ்வொன்றாக அறிந்து, ‘இது நான் அன்று’ எனக் கழித்துக்கொண்டே மேலேறுகின்றான். இதனைத் தத்துவ சுத்தி என்பர். ஆகவே, சித்தாந்த நெறியிற் பூதங்களை அறிதல் என்பது பிரித்தறிதலேயாம். கலத்தல் என்று அதற்குப் பொருள் கொள்ள அந்நூல் இடந்தரவில்லை.

பூதங்களை உற்று நோக்கும் பயிற்சி சைவர்க்கு மட்டும் உரியதன்று. மாத்தளை மாவட்டத்து நாவுலப் பகுதியில் உள்ள நாலந்தா கெடிகே என்னுங் கற்கட்டடத்தைக் கண்டோர் இதனை எளிதில் உணர்வர். திராவிடக் கட்டடக்கலை முறையில் எழுப்பப்பட்ட அக்கோயில் பௌத்த வழிபாட்டுக்கு உரியதாய் விளங்குகின்றது. இரு மரபுகள் ஒரே கல்லிற் சந்தித்தமைக்கு அது சான்று. கல்லிற் சந்தித்த மரபுகளை நூலிலும் ஒருங்கு வைத்து நோக்குதல் பொருந்தும். கி.பி. 5ஆம் நூற்றாண்டில் அநுராதபுர மகாவிகாரையிலிருந்து புத்தகோசர் இயற்றிய விசுத்திமக்கம், மண், நீர், தீ, காற்று என்னும் நான்கையும் தியானப் பொருளாகக் கொள்ளும் முறையை மிக நுணுக்கமாக விரிக்கின்றது. ஒரு சாணும் நான்கு விரலும் அகலமுள்ள வட்டமாக, விடியற்கால வானின் நிறமுள்ள களிமண்ணைப் பூசி, இரண்டரை முழத் தொலைவில் அமர்ந்து நோக்கவேண்டும் என்கின்றது அந்நூல். கண்ணை மிக அகலத் திறந்தாற் களைப்பு உண்டாகும். மிகக் குறுக்கினால் உரு தெளியாது. கண்ணாடியில் முகம் பார்ப்பவன்போல் அளவாகத் திறந்து பார்க்கவேண்டும். காற்றைக் கண்ணாற் காண இயலாதாகலின், கரும்பின் நுனி அசைவதைக் கண்டு காற்றை அறிக என்பதும் அந்நூலின் அறிவுரையாம்.

இந்நூலாசிரியரின் கூரிய நோக்கு வியக்கத்தக்கது. ஆயினும் அந்நோக்கின் முடிவு யாது? உடம்பிலுள்ள நான்கு பூதங்களையும் நாற்பத்திரண்டு கூறுகளாகப் பகுத்துக் காட்டும்போது, பசுவைக் கொன்று கூறுபோட்ட இறைச்சிக்காரன் உவமை எடுத்தாளப்படுகின்றது. கூறுபோட்ட பின் ‘பசு’ என்னும் எண்ணம் அவனுக்கு நீங்கி, ‘இறைச்சி’ என்னும் எண்ணமே நிற்கின்றது. அவ்வாறே பூதங்களாகப் பகுத்துக் கண்டவனுக்கு ‘ஆள்’ என்னும் எண்ணம் நீங்குகின்றது. பற்றறுத்தலை நோக்கமாகக் கொண்ட நெறிக்கு இவ்வுவமை முற்றும் இயைபுடையது. ஆனால் இதனை இயற்கையோடு உறவாடுதல் என்று பெயரிட்டு அழைப்பின், அப்பெயர் நூலுக்குப் பொருந்தாது.

இனித் திருமந்திரத்துக்கு வருவோம். மூவாயிரத்துக்கு மேற்பட்ட பாடல்களும் ஒன்பது தந்திரங்களுமாக அமைந்து, பத்தாந் திருமுறையாகத் திகழும் இந்நூலின் மூன்றாந் தந்திரமே யோகத்துக்கு உரியது. இருக்கை வகைகளிற் சிலவற்றுக்குப் பங்கயம், கேசரி, கோமுகம் எனப் பெயர் வழங்குதலைக் காட்டி, தாமரையையும் அரிமாவையும் பசுவையும் போற்றிய இயற்கை வழிபாடே யோகம் என்பாருமுளர். வடிவொப்புமையாற் பெயர் வருதல் உலகியல்பு. அதனால் வழிபாடு பெறப்படாது. மூச்சுப் பயிற்சியிலோ, உள்ளிழுத்தற்குப் பதினாறு, நிறுத்துதற்கு அறுபத்துநான்கு, வெளிவிடுதற்கு முப்பத்திரண்டு என மாத்திரை வரையறுக்கப்படுகின்றது. மலைச்சாரலில் உலாவி மென்காற்றை நுகர்தலுக்கும் இக்கணக்குக்கும் உள்ள தூரம் வெளிப்படை. முன்னது இன்பம், பின்னது ஆசிரியர் துணையின்றி மேற்கொள்ளத் தகாத கட்டுப்பாடு.

அங்ஙனமாயின் திருமூலர் பூதங்களை ஒதுக்கியவரா? இவ்வினாவுக்கு எட்டாந் தந்திரத்திலுள்ள மர யானைப் பாடல் விடை தருகின்றது. தச்சன் மரத்தாற் செய்த யானையைக் காண்கின்றோம். யானை என்று கண்டபோது மரம் நம் கண்ணுக்கு மறைந்துவிடுகின்றது. மரம் என்று கண்டபோது யானை அதனுள் மறைந்துவிடுகின்றது. மண் முதலிய பூதங்களுக்கும் பரம்பொருளுக்கும் உள்ள இயைபும் இத்தகையதே என்பது அப்பாடலின் கருத்து. இதனைப் புத்தகோசர் காட்டும் உவமையுடன் ஒப்பிடுமிடத்து வேறுபாடு நன்கு புலனாகும். ஆங்குப் பசு கூறுபடுகின்றது, மீளப் பசுவாதலில்லை. ஈங்கு யானையின் ஓர் உறுப்புக்கும் ஊறு நேர்ந்திலது. மரத்தைக் கண்டவன் யானையை உடைத்தானல்லன். அவன் பார்வையே மாறிற்று.

இவ்விடத்து ஒரு தடை நிகழலாம். பரத்திற் பூதம் மறைந்துவிடுமெனின், ஞானிக்கு ஆறும் மரமும் இல்லாதொழியுமே. அவற்றை அவன் பேணுவது எங்ஙனம் என்பது அத்தடை. உவமையை அதன் எல்லைக்கப்பால் இழுத்தலே இத்தடைக்குக் காரணம். யானை மறைதல் என்பது அழிதலன்று. அன்றியும், பூதங்களால் ஆய இவ்வுடம்பை முன்னர் இழிவென எண்ணியிருந்து, பின்னர் அதனுள்ளே உறுபொருள் உண்டெனக் கண்டு பேணலானேன் என்று மூன்றாந் தந்திரத்திலேயே கூறுகின்றார் திருமூலர். பார்வை மாறியதன் பயன் பேணுதலாக முடிந்தமை காண்க.

இப்பேணுதல் உடம்பளவில் நிற்கவில்லை என்பதற்கு முதற் றந்திரம் சான்று பகரும். வானச் சிறப்பு என்னும் பகுதியில், ஒரே மழைநீரைப் பெற்றுக் கமுகும் தெங்கும் கரும்பும் வாழையும் வளர்தலையும், நச்சுத்தன்மையுள்ள காஞ்சிரையும் அந்நீராலேயே வளர்தலையும் அவர் காட்டுகின்றார். கவனித்துப் பார்த்தவருடைய கூற்று இது. அறஞ்செய்வான் திறத்திலோ, எல்லார்க்கும் இயலும் நான்கு செயல்களை எண்ணித் தருகின்றார். இறைவனுக்கு ஒரு பச்சிலை இடுதல், பசுவுக்கு ஒருவாய்ப் புல் கொடுத்தல், உண்ணும்போது பிறர்க்கு ஒரு கைப்பிடி வழங்குதல், இனிய சொற் கூறுதல் என்பன அவை. இலையும் பசுவும் மனிதரும் இங்கே ஒரு வரிசையில் வந்தமை கருதத்தக்கது. திருமந்திரம் முழுவதும் ஒருவர் வாக்குத்தானா என்பதில் அறிஞர் கருத்து வேறுபடுவர். நூல் நமக்குக் கிடைத்துள்ள அமைப்பில் அறம் முதற் றந்திரத்திலும் யோகம் மூன்றாந் தந்திரத்திலும் நிற்றல் தெளிவு. இயற்கையுடன் மனிதனுக்குள்ள உறவைத் திருமந்திரத்தில் தேடுவோர் மூன்றாந் தந்திரத்தை மட்டும் புரட்டுதல் போதாது.

இவ்வேறுபாடு ஏட்டளவில் நிற்பதன்று. மேற்கூறிய நாலந்தா கெடிகே, மகாவலித் திட்டத்தின் போவதென்ன நீர்த்தேக்கம் அமைக்கப்பட்டபோது, கல் கல்லாகக் கழற்றப்பட்டு, 1980ஆம் ஆண்டளவில் மேட்டுநிலத்தில் மீள நிறுவப்பட்டது. அதே அம்பன் கங்கையின் குறுக்கே எழுந்த மொரகஹகந்த நீர்த்தேக்கத்தில் 2017ஆம் ஆண்டு நீர் நிரம்பத் தொடங்கிற்று. மனிதர் ஆற்றை மறித்து வயலுக்குத் திருப்புகின்றனர். நீரின் பொருட்டுத் தெய்வத்தின் இல்லத்தையே இடம்பெயர்க்கின்றனர். அத்தகைய நாட்டில் வளரும் மாணாக்கன், பாயில் அமர்ந்து கண்மூடி நீரை நினைத்த அளவில் தனக்கும் ஆற்றுக்கும் உறவு நிறைந்துவிட்டதெனக் கருதுவானாயின், அந்நினைவால் ஆற்றுக்கு வந்த பயன் யாது? அவன் எழுந்து சென்று நெகிழிப் பையை அதே ஆற்றில் எறியவுங் கூடுமன்றோ?

ஆதலின், யோகங் கற்பிக்கும் ஆசிரியர் திருமூலரை எடுத்தோதும்போது ஓர் ஒழுங்கைப் பின்பற்றுதல் நன்று. முதலில் மழையின் சிறப்பும் பச்சிலையும் பசுவின் வாயுறையும் சொல்லப்படுக. அடுத்து மூச்சின் அளவு சொல்லப்படுக. முடிவில் மர யானை சொல்லப்படுக. கரும்பின் நுனியிற் காற்றைக் காணும் கூர்மையைப் புத்தகோசரிடமிருந்து கொள்ளுதலிலுந் தவறில்லை. கண்ட காற்றையும் நீரையும் மாசுபடாது காக்கும் பொறுப்பு முதற் றந்திரத்தின் அறத்தின்பாற்படும். அவ்வறத்தை விட்டு யோகத்தை மட்டுங் கற்றவன் திருமந்திரத்திற் பாதியைத்தான் கற்றவனாவான்.