எழுத்தின் கீழ் ஒரு கோடு

தமிழ்ச் சொற்களை உரோம எழுத்தில் எழுதிக்காட்ட வேண்டிய ஆங்கில ஆய்வேடுகள் பலவற்றின் முன்னுரையில் ஒரு சிறு சமாதானம் இடம்பெறுவதுண்டு. தட்டச்சிடும் வசதியின்மையால் ஒலிக்குறிகள் விடப்பட்டுள்ளன என்ற பொருள்பட அமையும் வாக்கியமே அது. அடக்கமாக ஒரு மூலையில் நிற்கும் அவ்வாக்கியத்தை எவரும் வினாவுவதில்லை. வினாவ வேண்டிய காலம் வந்துவிட்டது என்பது எனது கருத்து.

விடப்படுவது யாது என்பதை முதலிற் காண்போம். சென்னைப் பல்கலைக்கழகம் 1924 முதல் 1936 வரை ஆறு தொகுதிகளாக வெளியிட்ட தமிழ் லெக்சிகன் கையாண்ட எழுத்துப்பெயர்ப்பு முறையே இன்றும் ஆய்வுலகிற் பெரிதும் வழங்குகின்றது. இம்முறையில் லகரம் வெறும் ‘எல்’. ளகரம் கீழே புள்ளி பெற்ற ‘எல்’. ழகரம் கீழே கோடு பெற்ற ‘எல்’. நெட்டுயிர்களுக்கு மேலே கோடு. இக்குறிகளை நீக்கிவிட்டால் வால், வாள், வாழ் என்னும் மூன்றும் ஒரே சொல்லாகிவிடும். ‘வல்’ என்பதும் அவற்றோடு சேர்ந்துகொள்ளும். ஆகவே குறி என்பது எழுத்துக்குச் சூட்டப்பட்ட அணியன்று. எழுத்தின் ஒரு பாதி அது.

குறியின்றி எழுதும் வழக்கும் எங்கும் ஒருபடித்தாயில்லை. வட்டுக்கோட்டையிலுள்ள கோட்டையை நாம் ‘டி’ என்னும் எழுத்தை இரட்டித்து எழுதுகின்றோம். புதுக்கோட்டையிலுள்ள கோட்டையைத் தமிழகத்தார் ‘ரி’ என்னும் எழுத்தை இரட்டித்து எழுதுகின்றனர். ழகரத்துக்கு அங்கே ‘இசட்’, ‘எச்’ இரண்டையும் சேர்த்தெழுதும் வழக்கம் பரவலாயிருக்க, இங்கே பெரும்பாலும் ‘எல்’லுடன் அமைதி காண்கின்றோம். ஊர்ப்பெயர், ஆட்பெயர் ஆகியவற்றில் நிலைபெற்றுவிட்ட வழக்கை மாற்றச் சொல்வது என் நோக்கமன்று. செய்யுளடியையும் மொழித்தரவையும் சான்றாகக் காட்டுமிடத்தும் அவ்வழக்கே போதும் என்பதைத்தான் ஏற்க இயலவில்லை.

வசதியின்மை என்ற காரணத்தை நோக்குமிடத்து ஒரு விந்தை புலனாகின்றது. பழைய ஆங்கிலத் தட்டச்சுப் பொறியில் இக்குறிகளுக்கெனத் தனி விசை எதுவுமில்லை. ஆயினும் ‘எல்’லை அடித்துப் பின்னகர்த்தும் விசையை ஒருமுறை அழுத்தி, அடிக்கோட்டு விசையைத் தட்டினால் ழகரம் தாளில் விழுந்தது. உருளையைச் சற்றே திருப்பி முற்றுப்புள்ளியை அடித்தால் ளகரம் கிடைத்தது. எஞ்சியவற்றைப் பேனாவால் இட்டனர். கணினியிலோ பின்னகர்த்தும் விசை முன்னெழுத்தை அழித்துவிடுகின்றது. ஓரெழுத்தின் மேல் இன்னொன்றை அடிக்கும் பழைய கைவேலை அத்தோடு முடிந்தது. பொறி வளர்ந்தது, குறி குறைந்தது.

கணினியிலும் தொடக்கத்தில் உண்மையான குறைபாடு இருந்தது. மேலை ஐரோப்பிய மொழிகளுக்கென 1987இல் வகுக்கப்பட்ட சர்வதேசக் குறிமுறையில், எமக்கு வேண்டிய குறியெழுத்துக்களுள் ஒன்றே ஒன்று இடம்பெற்றது: ஞகரத்துக்குரிய, மேலே அலைக்கோடு பெற்ற ‘என்’. அதுவும் தமிழுக்காக வந்ததன்று. ஸ்பானியருக்கு வேண்டியிருந்தமையால் வந்தது. இன்றைய அமெரிக்க–சர்வதேச விசைப்பலகை அமைப்பிலும் இதே நிலைதான். அலைக்குறியைத் தட்டி ‘என்’னைத் தட்டினால் ஞகரம் வரும், னகரத்துக்குரிய கீழ்க்கோடு வராது. ஆயின் 1993இல் வெளிவந்த யூனிக்கோட் 1.1 பதிப்பிலேயே கீழ்க்கோட்டு எழுத்துக்கள் யாவும் இடம்பெற்றுவிட்டன. அதன் பின்னர் இல்லாதது எழுத்தன்று, விசை மட்டுமே. விசையின்மையை எழுத்தின்மையாகக் காட்டுவதே முன்னுரைச் சமாதானத்தின் பிழை.

விசையின்றியே குறியிட முயல்வோரும் உளர். சொற்செயலியின் அடிக்கோட்டு வசதியால் ‘எல்’லின் கீழ்க் கோடிழுப்பது ஒரு வழி. பார்வைக்கு அது ழகரமே. வேறொரு கோப்புக்கு வெறும் பாடமாகப் படியெடுத்தால் கோடு உதிர்ந்து லகரமாகிவிடும். ‘எல்’லுக்குப் பின் இணைகுறியாக ஒரு கோட்டைச் சேர்ப்பது இன்னொரு வழி. ஆயின் அத்தகைய கீழ்க்கோடுகள் யூனிக்கோட்டில் இரண்டுள. ஒன்று தனியெழுத்தோடு சமமாகக் கொள்ளப்படுவது. மற்றையது கண்ணுக்கு ஏறத்தாழ அவ்வாறே தோன்றினும் கணினிக்கு வேறானது. இரண்டாவதைக் கொண்டெழுதிய சொல்லைப் பிறர் தேடினால் அகப்படாமற் போகலாம்.

இவற்றினும் கேடானது அரைகுறையாகக் குறியிடும் வழக்கம். நெடிலின் மேற்கோடு எளிதில் அகப்படுவதால் அதனை மட்டும் இட்டு, புள்ளியையும் கீழ்க்கோட்டையும் விட்டுவிடுகின்றனர். குறியே இல்லாத பக்கத்தை வாசிப்பவன் எச்சரிக்கையோடு வாசிப்பான். பாதிக் குறியுள்ள பக்கமோ அவனது நம்பிக்கையைப் பெற்றுக்கொண்டு அவனை ஏமாற்றும். அங்கே ‘வாள்’ ஐயத்துக்கிடமின்றி ‘வால்’ ஆகிவிடுகின்றது.

இதற்கு ஒரு மறுப்புக் கூறப்படலாம். ஏட்டுச்சுவடிகளிற் புள்ளி பெரும்பாலும் இடப்படவில்லை. அதனாற் கற்றோர் இடர்ப்பட்டனரா? இடர்ப்பட்டனர். சி. வை. தாமோதரம்பிள்ளை போன்ற பதிப்பாசிரியர்கள் மெய்யோ உயிர்மெய்யோ, எகரமோ ஏகாரமோ எனத் தாமே தீர்மானிக்க வேண்டியிருந்தது. அவர்களாலும் அது இயன்றமைக்குக் காரணம் அவர்தம் தமிழ்ப் புலமை. உரோம எழுத்துப்பெயர்ப்போ பெரிதும் தமிழறியாத வாசகனை நோக்கியது. விட்டதை நிரப்பும் ஆற்றல் அவனிடம் இல்லை.

நகர னகர வேறுபாட்டையாவது விட்டுவிடலாமே என நானும் சிலகாலம் எண்ணியதுண்டு; சொல்லில் நிற்கும் இடத்தைக்கொண்டே பெரும்பாலும் உய்த்துணரலாம் என்பதே காரணம். ‘அந்நாள்’, ‘அன்னாள்’ என்னும் இரண்டையும் அருகருகே எழுதிப் பார்த்தபின் அவ்வெண்ணத்தைக் கைவிட்டேன்.

ஆய்தத்தையுஞ் சேர்த்து எமக்கு வேண்டிய குறியெழுத்துக்கள் பதினான்கே. குறிகளோ ஐந்துதான்: மேற்கோடு, கீழ்க்கோடு, மேற்புள்ளி, கீழ்ப்புள்ளி, அலைக்கோடு. விசைப்பலகை அமைப்பொன்றைத் தாமே வகுத்துக்கொள்ள உதவும் மென்பொருள்கள் இலவசமாகவே கிடைக்கின்றன. வலப்புற ‘ஆல்ற்’ விசையோடு ஐந்து விசைகளை ஒதுக்கினாற் போதும். தமிழ்த்துறையும் மொழியியல், வரலாறு பயில்வோரும் கூடி அமைப்பொன்றை ஏற்று, நூலகக் கணினிகளில் நிறுவுவது சில நாள் வேலை. கீழ்க்கோட்டுக்கு எவ்விசையை ஒதுக்குவது என்பதிற் கருத்து வேறுபாடு எழலாம். அடிக்கோட்டு விசையையே ஒதுக்கலாம் என்பேன். தட்டச்சுப் பொறியில் அப்பணியைச் செய்ததும் அதுவே.