தனிவகுப்பு எடுக்கும் அயல்நாட்டு மாணவர்: பிரிட்டன் விதியின் நியாயமும் பிழையும்

பிரிட்டனில் தனிவகுப்பு நடத்துவதற்கு அரசு உரிமம் தேவையில்லை. அந்நாட்டில் தடையின்றி வேலை செய்யும் உரிமை பெற்ற எவரும், ஆசிரியர் பயிற்சிப் பட்டமோ பதிவோ இல்லாமலேயே, அண்டை வீட்டுப் பிள்ளைக்குக் கணக்கு டியூஷன் எடுத்துக் கட்டணம் பெறலாம். ஆனால், கணிதத்தில் முதுகலை பயில மாணவர் விசாவில் வந்த ஒருவர் அதையே செய்தால் விசா நிபந்தனையை மீறியவராகிறார். பாடம் சொல்லிக்கொடுப்பதை எந்த விதியும் தடுக்கவில்லை. அதற்குரிய ஊதியம் எந்த வழியாக அவர் கைக்கு வருகிறது என்பதே சட்டம் பார்க்கும் செய்தி.

பட்டப்படிப்பையோ அதற்கு மேற்பட்ட படிப்பையோ முழுநேரமாகப் பயில்பவர், கல்விப் பருவம் நடக்கும் காலத்தில், பொதுவாக வாரத்திற்கு 20 மணி நேரம் வரை வேலை செய்யலாம். அதற்குக் கீழ்நிலைப் படிப்பாயின் வரம்பு 10 மணி நேரம். திங்கள் தொடங்கி ஞாயிறு முடிய உள்ள ஏழு நாள்களே இங்கு ஒரு வாரமாகக் கொள்ளப்படும். விடுமுறையில் மணிக் கணக்கு தளர்ந்தாலும் சுயதொழில் மீதான தடை தளர்வதில்லை. ஒருவரிடம் பணியாளராகச் சேராமல், தாமே கட்டணம் பேசி, தாமே வாடிக்கையாளரைத் தேடி, தம் வரியைத் தாமே செலுத்தும் ஏற்பாடு சுயதொழில் எனப்படுகிறது. பெற்றோரிடம் நேரடியாகக் கட்டணம் வாங்கும் டியூஷன் பெரும்பாலும் இதற்குள் வந்துவிடுகிறது. மாறாக, பல்கலைக்கழகமே சம்பளம் கொடுத்து இளநிலை மாணவர்களுக்கு வகுப்பெடுக்கச் சொன்னாலும், டியூஷன் நிறுவனம் ஒன்று பணியாளராக அமர்த்திச் சம்பளச் சீட்டு கொடுத்தாலும், மணி வரம்புக்குள் அது சட்டபூர்வமான வேலையே. பெற்றோரே முறையான வேலையளிப்பவராகி, வரிப் பதிவுகளை வைத்துக்கொள்ளவும் சட்டத்தில் இடமுண்டு. வாரத்திற்கு ஒன்றிரண்டு மணி நேர வகுப்புக்காக அந்தச் சுமையை ஏற்கும் குடும்பம் அரிது.

இத்தடைக்குப் பின்னால் உள்ள நியாயம் மெலிதானதல்ல. வேலையளிப்பவர் மாணவரின் வேலை உரிமையைச் சரிபார்க்க வேண்டும், பருவமும் விடுமுறையும் எப்போது என்பதற்குச் சான்று வாங்கி வைக்க வேண்டும். தவறினால் சட்டவிரோதமாக அமர்த்தப்பட்ட ஒவ்வொருவருக்கும், முதல் மீறலிலேயே, 45,000 பவுண்டு வரை தண்டம் விதிக்க 2024 பிப்ரவரி முதல் வழியுண்டு. மணிக் கணக்கை உண்மையில் காப்பது இந்த அச்சமே. தனக்குத் தானே முதலாளியான ஒருவரின் மணிகளை எண்ண எவரும் இல்லை. இன்னொரு காரணம் இதைவிட முக்கியமானது. குறைந்தபட்ச ஊதியமும் ஊதியத்துடன் கூடிய விடுப்பும் சுயதொழில் செய்பவருக்குக் கிடையா. ஆகவே தடையை முற்றாக நீக்கினால், பணியாளராகச் சேர்க்க வேண்டியவர்களைக் காகிதத்தில் மட்டும் சுயதொழிலாளராக்கிக் குறைந்த கூலிக்கு உழைப்பு வாங்கும் நிறுவனங்களிடம், கடனோடு வந்த அயல்நாட்டு மாணவர்களே எளிதில் சிக்குவர்.

ஆயினும் இந்த நியாயத்தை வீட்டு டியூஷனுக்குப் பொருத்தும்போது அது தடுமாறுகிறது. கிடங்கில் இரவுப் பணியாகப் பெட்டி தூக்கி வாரத்திற்கு 20 மணி நேரம் செலவிடுவது குற்றமில்லை. மாலையில் ஒரு மாணவிக்குக் கட்டணம் வாங்கி மூன்று மணி நேரம் இயற்கணிதம் கற்பிப்பது குற்றம். படிப்பைக் காப்பதே நோக்கமென்றால், இவற்றில் எது படிப்பைக் கெடுக்கும் என்பதில் ஐயத்திற்கு இடமில்லை. 1971ஆம் ஆண்டின் குடியேற்றச் சட்டம் விசா நிபந்தனையை அறிந்தே மீறுவதைக் குற்றமாக்கியது. 2016ஆம் ஆண்டுச் சட்டம் சட்டவிரோத வேலையையே தனிக் குற்றமாக்கி, சுயதொழிலையும் அதற்குள் சேர்த்து, ஈட்டிய பணத்தைக் குற்ற வருவாயாகப் பறிமுதல் செய்யவும் வழி வைத்தது. இதன் விளைவாக டியூஷன் நின்றுவிடவில்லை, மறைவுக்குள் போயிருக்கிறது. லண்டனின் சட்டன், கிங்ஸ்டன் பகுதிகளில் கிராமர் பள்ளிகள் எனப்படும் அரசுப் பள்ளிகளில் சேர்வதற்கான நுழைவுத் தேர்வுக்குப் பிள்ளைகளைத் தயார்செய்யும் போட்டி, ஹாரோவிலும் ஈஸ்ட் ஹாமிலும் வாழும் தமிழ்க் குடும்பங்களையும் விட்டுவைக்கவில்லை. கணக்கில் தேர்ந்த மாணவர் ஒருவர் அறிமுகமானால், கையில் பணமாகவோ, வாடகையில்லா அறையாகவோ ஏற்பாடு பேசப்படுவது இயல்பு. பணத்திற்குப் பதில் அறையோ உணவோ பெற்றாலும் அது ஊதியமே. பேசிய தொகையைக் கொடுக்காமல் இழுத்தடித்தால் புகார் செய்ய அம்மாணவருக்கு வழியில்லை. புகாரே அவரைக் காட்டிக்கொடுத்துவிடும். சுரண்டலிலிருந்து காப்பதற்கென்று வந்த விதி, இந்த இடத்தில் சுரண்டுபவருக்குத் துணைபோகிறது. லண்டன் அறையில் அமர்ந்து சென்னைப் பிள்ளைக்கு இணையவழி வகுப்பெடுப்பவரும் தப்புவதில்லை. வேலை செய்யும் இடம் பிரிட்டன் என்பதால் அதே நிபந்தனை அங்கும் தொடர்கிறது.

டியூஷன் நிறுவனங்களின் ஒப்பந்தங்கள் சிக்கலை மேலும் கூட்டுகின்றன. கட்டணத்தை நிறுவனமே நிர்ணயிக்கும், தன் பங்கை எடுத்துக்கொண்டு மீதியைத் தரும். ஆனால் ஒப்பந்தத்தின் ஓரிடத்தில், கற்பிப்பவர் சுயதொழில் செய்பவர் என்றும், தமக்குப் பதில் வேறொருவரை அனுப்பலாம் என்றும், வரி அவர் பொறுப்பு என்றும் எழுதியிருக்கும். ஊபர் ஓட்டுநர் வழக்கில் 2021இல் தீர்ப்பளித்த பிரிட்டனின் உச்ச நீதிமன்றம், ஒப்பந்தத்தில் ஒட்டிய பெயரை விட நடைமுறை உறவே முக்கியம் என்றது. அது தொழிலாளருக்கு நன்மை தந்த தீர்ப்பு. ஆனால், அந்த வாதத்தை ஒரு நீதிமன்றத்தில் மெய்ப்பிக்கும் காலமும் பணமும் ஓராண்டுப் படிப்புக்கு வந்தவரிடம் ஏது?

பிற நாடுகள் இதை வேறு விதமாகக் கையாண்டுள்ளன. ஆஸ்திரேலியாவில் கல்விப் பருவத்தில் இரு வாரத்திற்கு 48 மணி நேரம் என்ற வரம்புக்குள், தொழில் எண் பெற்றுச் சுயமாக டியூஷன் எடுக்கலாம். அந்த மணிகளும் வரம்பில் சேரும் என்றாலும் அவற்றைச் சரிபார்ப்பது கடினம். ஜெர்மனியில் ஆண்டுக்கு 140 முழு நாள்கள் அல்லது 280 அரை நாள்கள் வேலைக்கு அனுமதி. சுயதொழிலுக்கு மட்டும் அயல்நாட்டவர் அலுவலகத்திடம் தனி ஒப்புதல் கேட்க வேண்டும். ஆஸ்திரேலிய ஏற்பாட்டை விட ஜெர்மானிய வழியே பொருத்தமானது, ஏனெனில் அது தடையையும் காத்து, தகுதியுள்ளவருக்கு வாசலையும் வைக்கிறது. சுயதொழில் வருவாயில் ஆண்டுக்கு முதல் 1,000 பவுண்டுக்கு வரியில்லை என்ற ஏற்பாடு பிரிட்டனில் ஏற்கெனவே உண்டு. அத்தொகைக்குள் அடங்கும் டியூஷனுக்குப் பல்கலைக்கழகத்தின் ஒப்புதலோடும், சிறுவர் பாதுகாப்புச் சரிபார்ப்போடும் அனுமதி தந்தால், மணிகளைக் காவல் காப்பது பெரிய பிரச்சினையாக இராது. படிப்பு முடிந்து பட்டதாரி விசா பெற்றதும் அதே நபர் அதே பிள்ளைக்கு அதே கணக்கைச் சுயதொழிலாகக் கற்பிக்க அரசே அனுமதிப்பதால், கற்பித்தலின் மீது அரசுக்கு மறுப்பு ஏதும் இல்லை என்பதும் தெளிவு.

அத்தகைய திருத்தம் வரும்வரை, டியூஷன் நிறுவனம் நீட்டும் ஒப்பந்தத்தில் பணியாளர் என்ற நிலை எழுத்தில் உள்ளதா, சம்பளச் சீட்டு தருவார்களா, வரி அவர்களாலேயே பிடிக்கப்படுமா என்ற மூன்றையும் பார்க்காமல் மாணவர் கையெழுத்திடக் கூடாது. ஐயம் எழுந்தால், வகுப்பைத் தொடங்குவதற்கு முன்பே பல்கலைக்கழகத்தின் அயல்நாட்டு மாணவர் ஆலோசனைப் பிரிவிடம் அந்தத் தாளைக் காட்டுவது நல்லது.