அரசனின் அவமானமும் உழவனின் அவமானமும்

அல்வார் மன்னர் ஜெயசிங் எளிய உடையில் இலண்டன் றோல்ஸ் றோய்ஸ் விற்பனை நிலையத்துக்குச் சென்றாராம். விற்பனையாளன் மதியாது விரட்டினானாம். மன்னர் கார்களை மொத்தமாக வாங்கிக் குப்பை அள்ள விட்டாராம். உறுதியான சான்றில்லாத இக்கதையை நம் மாணவரும் உவகையோடு சொல்லக் கேட்கிறோம்.

இதன் நீதி யாது? விற்பனையாளன் செய்த பிழை மனிதனை இகழ்ந்ததன்று; மன்னனை இனங்காணாததே! வந்தவன் மெய்யாகவே ஏழையாயின் கதையே பிறந்திராது. மேலும், கதை போற்றும் இம்மன்னரின் படைகள்தாம் 1925 மே மாதத்தில், நிலவரி உயர்வை எதிர்த்து நீமுச்சானாவில் கூடிய உழவர்களைச் சுட்டுக் கொன்றன. அவர்களின் மானத்தைப் பேச இக்கதைக்கு நாவில்லை.

வன்னிக்கு வருவோம். 2009இல் போர் முடிந்தபின், வவுனியாவிலும் கிளிநொச்சியிலும் வாகனக் காட்சியறைகளும் லீசிங் நிலையங்களும் பெருகின. சாரமும் சேற்றுக்காலுமாய் உழவு இயந்திரம் பார்க்க வந்த இரணைமடு விவசாயியைக் காக்கவைத்துவிட்டு, காரில் வந்திறங்கியவரை நோக்கி விற்பனை இளைஞன் ஓடியதை நாம் கண்டிருக்கிறோம். அவ்விளைஞனும் கூலிக்கு உழைப்பவனே. விற்றால்தான் கமிஷன் என்னும் முறையே ஆளை விட்டு ஆடையை அளக்க அவனைப் பழக்கியது.

மாறுவேட மன்னர் வந்துவிடுவாரோ என அஞ்சி அளிக்கும் மரியாதை மரியாதையன்று. உழவன் உழவனாகவே சென்று தலைநிமிர்ந்து நிற்கும் கதையே நமக்கு வேண்டும். அதை எழுத வேண்டியவர்களும் நாமே.