ஸ்டாண்டர்டு ஹெரால்டு: வளையத் தெரிந்த கார், வளர விடாத சந்தை

திருவண்ணாமலை தேரடி வீதியில் ஒரு காரைத் திருப்ப வேண்டுமென்றால் பூக்காரம்மா, ஆட்டோக்காரர், நடுரோட்டில் படுத்திருக்கும் மாடு என்று மூன்று தரப்பிடமும் சம்மதம் வாங்கியாக வேண்டும். நண்பர் ஓட்டிப் பார்க்கக் கொடுத்த ஸ்டாண்டர்டு ஹெரால்டு மார்க் 3-க்கு அந்தத் தொல்லை இல்லை. ஸ்டியரிங்கைக் கடைசிவரை ஒடித்தால் முன்சக்கரங்கள் ஏறக்குறையக் குறுக்காகவே திரும்பி நிற்கின்றன. ரிவர்ஸ் போடாமல், ஒரே வீச்சில் வந்த வழிக்கே திரும்பிவிட்டது. வட்டமடிக்க 25 அடி போதும். இன்றைய சின்ன கார்களில் பெரும்பாலானவற்றுக்கு 30 அடியாவது வேண்டும்.

இத்தாலிய வடிவமைப்பாளர் ஜொவான்னி மிக்கெலோட்டி வரைந்த கார் இது. 1959-ல் இங்கிலாந்தில் டிரையம்ப் ஹெரால்டாக வந்து, 1961-ல் சென்னையின் ஸ்டாண்டர்டு மோட்டார் ஆலையில் நம்மூர்க் காரானது. நான்கு கதவு மார்க் 3 வந்தது 1968-ல்.

பானட்டைத் திறப்பதே தனி அனுபவம். மட்கார்டு, ஹெட்லைட் எல்லாவற்றையும் சேர்த்து முகப்பு முழுவதும் முன்பக்கமாகச் சாய்கிறது. முன்டயர் மேலேயே உட்கார்ந்துகொண்டு எஞ்சின் வேலை பார்க்கலாம். குனிந்து குனிந்து இடுப்பொடிந்த மெக்கானிக்குகள் இதற்காகவே மிக்கெலோட்டிக்கு ஒரு மாலை போடலாம். ஆனால் கீழே ஒரு பொறி இருக்கிறது. முன்சக்கரத்தைத் தாங்கும் வெண்கல ட்ரனியனுக்கு 90 கியர் ஆயில்தான் விட வேண்டும், கிரீஸ் கூடாது. பழக்கதோஷத்தில் கிரீஸ் கன்னை வைத்து அழுத்திவிட்டால், எண்ணெய் போக வேண்டிய மரையில் தண்ணீர் இறங்கித் துருவேறும். என்றைக்காவது ஒருநாள் தண்டு முறிந்து சக்கரம் மடங்கும். பழைய ஹெரால்டு வாங்குகிறவர் பெயின்ட்டைப் பார்ப்பதற்கு முன் இதைப் பார்க்க வேண்டும்.

கிரிவலப் பாதை 14 கிலோமீட்டரும் சமதளம். அங்கே எந்தக் காரும் நல்ல பிள்ளைதான். குணம் தெரிய போளூர் வழியாக ஜவ்வாது மலை ஏறினேன். 948 சிசி, சுமார் 35 குதிரைத்திறன். ஏற்றத்தில் இரண்டாவது கியரிலேயே முனகிக்கொண்டு போகிறது. முதல் கியருக்கு சின்க்ரோமெஷ் கிடையாது. வண்டி நிற்காமல் அதற்கு இறங்க டபுள் கிளட்ச் தெரிந்திருக்க வேண்டும்.

உண்மையான பரீட்சை இறக்கத்தில். பின்பக்கம் ஸ்விங் ஆக்ஸில். டிஃபரன்ஷியல் சேஸிஸோடு நிற்க, இரண்டு பக்க ஆக்ஸிலும் குறுக்கே போட்ட ஒரே கமான் பட்டையில் தொங்கித் தனித்தனியே ஏறி இறங்கும். வளைவில் பயந்து சட்டென்று ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால் வால் மேலெழும்பும், வெளிப்பக்கச் சக்கரம் உள்வாக்கில் மடங்கும், பின்பக்கம் வழுக்கிக்கொண்டு முன்னே வரப் பார்க்கும். வளைவுக்கு முன்பே வேகத்தைக் குறைத்துவிட்டு, உள்ளே லேசாக மிதித்தபடி வந்தால் சொன்ன பேச்சைக் கேட்கிறது. நான்கிலும் டிரம் பிரேக். இறக்கம் நீண்டால் மிதி பஞ்சாகிறது.

இந்த வாலை வைத்துக்கொண்டுதான் சோழவரத்தில் ரேஸ் ஓட்டினார்கள். இரண்டாம் உலகப் போர்க்கால விமான ஓடுதளம்தான் மைதானம். 1953-ல் தொடங்கிய மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் நடத்திய அந்தப் பந்தயங்களில் ஃபியட், அம்பாசிடர், ஹெரால்டு என்று வீட்டுக் கார்களே மோதின. கரிவரதன் போன்ற பந்தய ஓட்டுநர்கள் பெயரெடுத்ததும் அங்கேதான். 1990-ல் இருங்காட்டுக்கோட்டைக்கு முறையான டிராக் வந்துவிட்டது.

இதே ஹெரால்டு ஆஸ்திரேலியாவில் மெல்போர்னிலும் பூட்டப்பட்டது. அங்கே கார் பந்தயம் ஷோரூமோடு பிணைந்திருந்தது. 1960-ல் ஃபிலிப் தீவில் தொடங்கி 1963-ல் பாதர்ஸ்டுக்கு மாறிய 500 மைல் பந்தயத்தில், அந்நாளில், கடையில் விற்கும் கார்தான் ஓடலாம். ஹோல்டன், ஃபோர்டு ரசிகர்கள் எம்ஜிஆர் - சிவாஜி ரசிகர்கள் போல முட்டிக்கொள்ள, ஜெயிப்பதற்காகவே கம்பெனிகள் காரை மாற்றின. 1971-ல் ஆலன் மொஃபட் வென்ற ஃபால்கன் ஜிடி-எச்ஓ ஃபேஸ் 3 அப்படிப் பிறந்ததுதான்; இன்று ஏலத்தில் அதன் விலை தலைசுற்ற வைக்கிறது.

நம்மூரில் பந்தயத்தையும் ஷோரூமையும் பிணைக்கும் அந்தக் கயிறு கட்டப்படவே இல்லை. லைசென்ஸ் ராஜ்ஜியத்தில் எந்தக் காருக்கும் காத்திருக்க ஆள் இருந்தது. எதற்காக மாற்ற வேண்டும்? இங்கிலாந்தில் ஹெரால்டு எஞ்சின் 1961-ல் 1147 சிசி, 1967-ல் 1296 சிசி என வளர்ந்தது. இங்கே 948 சிசியோடு நின்றது. எழுபதுகளில் அதன் வாரிசாக வந்த ஸ்டாண்டர்டு கஸல் ஸ்விங் ஆக்ஸிலைக் கைவிட்டது. எஞ்சின் மட்டும் அதே 948.

அதனால் என் தீர்ப்பு இரண்டு. மாடவீதி, சந்தை, கோயில் வாசல் என்று ஊருக்குள் சுற்ற இன்றும் இதைவிடச் சமர்த்தான பழைய கார் கிடையாது. கையில் எடுத்ததும் பிடித்துப் போகிறது. மலைக்கும் நெடுஞ்சாலைக்கும் வேண்டுமென்றால், பிரீமியர் பத்மினியைப் பாருங்கள். அதற்குத்தான் புதுப்பேட்டையில் இன்னும் சுலபமாக ஸ்பேர்ஸ் கிடைக்கிறது. ஹெரால்டுதான் வேண்டும் என்று அடம்பிடிப்பவர் ஜாக்கி வைத்துத் தூக்கி, கதவுக்குக் கீழே சேஸிஸிலிருந்து கிளை பிரியும் இடங்களை ஸ்குரூடிரைவரால் குத்திப் பார்க்கட்டும். உள்ளே போனால், பேரம் பேசாமல் கிளம்பிவிடலாம்.