தூணும் பங்கும்

திருப்பூர்ப் பக்கம் பழைய வீடு ஒன்று வாங்கலாமென்று இணைய விளம்பரங்களைப் படித்துவருகிறேன். எல்லாம் ஒரே கை எழுதியவை போலிருக்கின்றன. தேக்குத் தூண், தொட்டிக்கட்டு முற்றம், நாட்டு ஓடு, பிறகு விலை. வீட்டில் வாழ்ந்தவர்களைப் பற்றி ஒரு வரி கிடையாது.

ஆர். சண்முகசுந்தரத்தின் ‘நாகம்மாள்’ (1942) இதே கொங்கு மண்ணின் கதை. கைம்பெண் ஒருத்தி கொழுந்தனிடம் பங்கு கேட்கிறாள், முடிவு கொலை. சொத்து என்பது மனிதர்களுடைய மனத்தாங்கல் என்று அந்தச் சிறிய நாவல் சொல்லிவிடுகிறது.

2005-ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பின் கூட்டுக் குடும்பச் சொத்தில் மகள்களும் சமபங்காளிகள். வாய்ப்பேச்சில் முடித்த பாகமோ வில்லங்கச் சான்றில் வராது. ஆகவே, தூணைத் தட்டிப் பார்க்குமுன் மூலப்பத்திரத்தையும் வாரிசுச் சான்றையும் படியுங்கள். விளம்பரக்காரர் விட்டுவிட்ட அத்தியாயம் அங்கே இருக்கும்.